குரோமியம் உலோகம்தானே, அதன் ஆக்சைடு எப்படி அமிலம் தரும்?

கேள்வி: உலோக ஆக்சைடுகள் காரத்தன்மை உடையவை, அலோக ஆக்சைடுகள் அமிலத்தன்மை உடையவை என்று படித்த என் மகள், மாதிரித் தேர்வில் குரோமியம் டிரைஆக்சைடைக் காரவகை என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். உலோகம், அலோகம் இரண்டின் இயல்பும் கலந்த உலோகப்போலிகள் வந்தால் இன்னும் குழம்புகிறாள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: சோடியம், கால்சியம், கந்தகம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் வழக்கமான ஆக்சைடுகளுக்கு உங்கள் மகள் படித்த விதி பொருந்தும். ஒரே உலோகம் பல ஆக்சைடுகளைத் தரும் இடத்தில் அது கைவிட்டுவிடுகிறது.

ஆக்சைடு நீருடன் சேரும்போது தனிமத்தின் அணுவோடு ஆக்சிஜனும், அந்த ஆக்சிஜனோடு ஹைட்ரஜனும் இணைந்து நிற்கின்றன. அந்த அணு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் வலுவாக இழுக்காவிட்டால், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தே ஹைட்ராக்சைடு அயனியாகப் பிரிந்துபோகும், அது காரம். வலுவாக இழுத்தால் ஹைட்ரஜன் அயனி மட்டும் கழன்றுகொள்ளும், அது அமிலம். ஆக்சிஜனேற்ற எண் (சேர்மத்தில் அந்த அணு இழந்ததாகக் கணக்கிடப்படும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) கூடக்கூட இந்த இழுப்பும் கூடும். குரோமியம் +2 நிலையில் காரவகை ஆக்சைடையும், +3 நிலையில் அமிலம், காரம் இரண்டிலும் கரையும் ஈரியல்பு ஆக்சைடையும், +6 நிலையில் குரோமிக் அமிலம் தரும் டிரைஆக்சைடையும் உண்டாக்குகிறது. மாங்கனீசும் இப்படித்தான், ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு, +7 நிலையில் அது தரும் பெர்மாங்கனிக் அமிலத்தின் உப்பு.

எனக்குக் கோபமெல்லாம், எல்லாத் தனிமங்களையும் மூன்று கட்ட அட்டவணைக்குள் அடைத்து, 'இதைப் படித்தால் போதும்' என்று விற்கப்படும் குறிப்பேடுகள் மீதும், விற்பனையில் பங்கு வாங்கிக்கொண்டு அவற்றைப் பிள்ளைகளின் தலையில் கட்டும் பயிற்சி மையங்கள் மீதும்தான். கீழ் வகுப்பில் ஒரு மதிப்பெண் வினாவாக அந்த ஒற்றை வரியை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, மேல் வகுப்பில் அதே வரிக்காக மதிப்பெண்ணைப் பிடுங்கும் தேர்வு முறைக்கு, 'அது தொடக்கநிலை விதி மட்டுமே' என்று இடையில் ஒருமுறை சொல்லிவைக்கக்கூட நேரமில்லை.

உலோகப்போலிகளில் சிலிக்கானைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அதன் ஆக்சைடு நீரில் கரையாவிட்டாலும் காரத்துடன் வினைபுரிந்து சிலிக்கேட்டு என்னும் உப்பாகிறது, ஆகவே அது அமிலவகை. காஸ்டிக் சோடா கரைசல் வைத்த புட்டியில் கண்ணாடி மூடி இறுகிப்போவது அதனால்தான்.

உண்மையான பொறி, போரான் என்னும் உலோகப்போலியின் ஆக்சைடு நீருடன் சேர்ந்து தரும் போரிக் அமிலம். அதில் மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் இருப்பதைப் பார்த்து, மூன்று ஹைட்ரஜன் அயனிகளைத் தரும் முக்காரத்துவ அமிலம் என்று எழுதிவிடுகிறார்கள். அது தன் ஹைட்ரஜன் எதையும் கொடுப்பதில்லை. எலக்ட்ரான் பற்றாக்குறையுள்ள போரான், நீரிலிருந்து ஒரு ஹைட்ராக்சைடு அயனியைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது வெளிப்படும் ஹைட்ரஜன் அயனி நீருடையது. ஆகவே அது ஒரே ஒரு ஹைட்ரஜன் அயனிக்கு வழிசெய்யும் ஒருகாரத்துவ அமிலம், அதுவும் மிகவும் வலுக்குறைந்தது. ஆய்வகத்தில், காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினாப்தலீனைச் சேர்த்து, அமிலத்தின் அளவை அறிய காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்த்தால், அமிலம் தீர்வதற்கு முன்பே இளஞ்சிவப்பு மெல்லத் தலைகாட்டும்; முடிவுநிலை எது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கரைசலில் மானிட்டால் அல்லது போதுமான கிளிசரால் சேர்த்தால், அவை போரானோடு பிணைந்து அமிலத்தின் வலிமையைக் கூட்டுவதால் வந்த நிறம் மறைந்துவிடும். மேலும் காரத்தைச் சொட்டச் சொட்ட விட்டு, நிறம் சட்டென்று திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு மோல் அமிலத்துக்கு ஒரு மோல் காஸ்டிக் சோடா என்று கணக்கு அப்போது சரியாக வரும்.

ஆக்சைடைப் பற்றிக் கேள்வி வந்தால், முதலில் ஆக்சிஜனேற்ற எண்ணைக் கணக்கிட்டுவிட்டுப் பிறகு விடை எழுதும்படி மகளிடம் சொல்லுங்கள். அவளுடைய குறிப்பேட்டில் போரிக் அமிலம் முக்காரத்துவ அமிலம் என்று அச்சாகியிருந்தால், அந்த வரியை அடித்துவிட்டுப் பாடநூலைத் திறக்கச் சொல்லுங்கள்.