ரேட்டை ஏற்றினால் சிபாரிசு நின்றுவிடுமா?

கேள்வி: சின்ன அளவில் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நடத்துகிறேன். இரண்டு வண்டி, கொஞ்சம் ஆட்கள். விளம்பரம் செய்வதில்லை, பழைய வாடிக்கையாளர்கள் சொல்லித்தான் பாதிக்கு மேல் வேலை வருகிறது. டீசல், கூலி, அட்டைப்பெட்டி எல்லாம் ஏறியும் மூன்று வருடமாக ரேட்டைத் தொடவில்லை. ஏற்றினால், சிபாரிசு செய்பவர்கள் சங்கடப்பட்டு ஆள் அனுப்புவதை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஏற்றுங்கள். மூன்று வருடம் ஏற்றாமல் இருந்தீர்கள் என்றால் அந்த வித்தியாசத்தை இதுவரை உங்கள் கையிலிருந்து கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், அது இன்னும் எத்தனை மாதம் தாங்கும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் 100 வாங்கும் வேலையில் டீசல், ஆள் கூலி, பேக்கிங் சாமான் போக 25 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரேட்டில் 10 ஏற்றினால் 35 மிஞ்சும். முன்பு 100 வேலைக்குக் கிடைத்த 2500, இப்போது 72 வேலையிலேயே கிடைத்துவிடும். அதாவது நூற்றில் 28 பேர் ஓடிப்போனாலும் உங்களுக்கு நஷ்டமில்லை, வண்டிக்கும் ஆட்களின் முதுகுக்கும் ஓய்வு மிச்சம். இதையே திருப்பிப் பாருங்கள். போட்டிக்காக 10 குறைத்தால் மிஞ்சுவது 15, அதே 2500 வேண்டுமென்றால் 167 வேலை எடுக்க வேண்டும். இரண்டு வண்டியை வைத்துக்கொண்டு எப்படி எடுப்பீர்கள்?

சரி, சிபாரிசுக்கு வருவோம். உங்கள் பயம் நியாயமானதுதான், ஆனால் இடம் மாறி விழுந்திருக்கிறது. சிபாரிசு செய்தவருக்கு நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பது பெரிய விஷயமே இல்லை. அவர் தம்பியிடமோ ஆபீஸ் நண்பரிடமோ “போன வருடம் எனக்கு இவ்வளவுதான் வாங்கினார், நல்ல மனுஷன்” என்று சொல்லி அனுப்பியிருப்பார், வந்தவரிடம் நீங்கள் வேறு தொகை சொன்னால் அவர் முகத்தை எங்கே கொண்டு வைப்பார்? தான் சொன்ன சொல் பொய்யாகிவிட்டது என்பதுதான் அவருக்கு உறைக்கும். ஆகவே ரேட் ஏறும் விஷயம் புது வாடிக்கையாளருக்கு முன்னால் இவருக்குத் தெரிய வேண்டும்.

கடந்த ஒரு வருடத்தில் யார் யார் ஆள் அனுப்பினார்கள் என்று எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப அனுப்பியவர்கள் ஒரு கைப்பிடிப் பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்கு மெசேஜ் போடாமல் போன் செய்யுங்கள். “இன்ன தேதியிலிருந்து ரேட் ஏறுகிறது, அதற்கு முன்னால் நீங்கள் அனுப்புகிறவருக்குப் பழைய ரேட்தான். இனிமேல் யாராவது கேட்டால் தொகை சொல்ல வேண்டாம், என் நம்பரை மட்டும் கொடுங்கள், சாமானைப் பார்த்துவிட்டு நானே சொல்கிறேன்.” இவ்வளவு போதும். டீசல் விலையைச் சொல்லி அழாதீர்கள், நாளைக்கு டீசல் இறங்கினால் ரேட்டையும் இறக்கச் சொல்வார்கள்.

ஏற்கெனவே பழைய ரேட்டில் கொட்டேஷன் கொடுத்தவர்கள் தனிக்கதை. இங்கேதான் பல பேர் வம்பில் மாட்டிக்கொள்கிறார்கள். எழுதிக் கொடுத்த தொகை எழுதிக் கொடுத்ததுதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் புது வீட்டுச் சாவி கிடைக்கவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை என்று தேதியைத் தள்ளிப் போடுவார்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் ஒரு முறை தள்ளினாலும் பழைய ரேட்டையே கொடுங்கள். இரண்டாவது முறையும் தள்ளினால் புது ரேட், ஆனால் தள்ளும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும், வண்டி வாசலில் நிற்கும்போது சொல்லக்கூடாது. அட்வான்ஸ் தராமல் வெறுமனே விசாரித்துவிட்டு நாலு மாதம் கழித்து வருகிறவருக்குப் பழைய ரேட் கொடுக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு பீரோவும் சோபாவும் சேர்ந்திருந்தால் பழைய சாமானுக்குப் பழைய ரேட், கூடுதல் சாமானுக்கு மட்டும் புது ரேட் என்று பிரித்து எழுதுங்கள். இனி எல்லாக் கொட்டேஷனிலும் “30 நாள் வரை செல்லும்” என்று ஒரு வரி போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே கிடையாது.

இந்தத் தொழிலின் மொத்தப் பேரையும் கெடுப்பது வாசல் வசூல்தான். லிஃப்ட் இல்லை, வண்டி தெருவுக்குள் வரவில்லை, பரணில் இவ்வளவு இருந்தது என்று இறக்கும் நேரத்தில் கூடக் கேட்பது. வீடியோ காலில் பரண், பால்கனி, கட்டிலுக்கு அடியில் எல்லாம் காட்டச் சொல்லுங்கள். எத்தனையாவது மாடி, படிக்கட்டுத் திருப்பத்தில் பிரிட்ஜ் திரும்புமா, வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எல்லாவற்றையும் கேட்டு ஒரே தொகையாக எழுதிக் கொடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் என்றால் டிரம்மை அசையாமல் பிடிக்கும் போல்ட்டுகளை முதல் நாளே தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அவற்றை மாட்டாமல் ஏற்றினால் வண்டி குலுங்கும்போது டிரம் ஆடி உள்ளே அடிபடும். இதைக் கேட்கிற ஆளிடம் யாரும் அதிகம் பேரம் பேசுவதில்லை. அடுத்தவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லும்போதும் இதைத்தான் சொல்வார்கள்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏற்றிய முதல் இரண்டு மாதம் போன் கொஞ்சம் குறைவாக அடிக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து வீடு மாற விசாரிக்கிறவர்களின் நம்பரை விற்கும் புரோக்கர் வருவான், “தினமும் இத்தனை பார்ட்டி தருகிறேன்” என்பான். நம்பாதீர்கள். ஒரே வீட்டுக்காரர் நம்பரை நாலைந்து பேருக்கு விற்றிருப்பான், நாலைந்து பேரும் அடிமாட்டு ரேட் சொல்வார்கள், கடைசியில் எவனோ ஒருவன் குறைவாகச் சொல்லிச் சாமானை ஏற்றிக்கொண்டு, பாதி வழியில் கூடப் பணம் கேட்டு இறக்க மாட்டேன் என்று நிற்பான். கேட்பதற்கு நாதி கிடையாது. ஆளுக்கு ஒழுங்காகக் கூலி கொடுத்து, காப்பீடு எடுத்து, வண்டியைப் பராமரிக்கிறவரையும், நேற்று ஒரு போன் வாங்கி இன்று கம்பெனி என்று சொல்லிக்கொள்கிறவனையும் இந்தப் புரோக்கர்கள் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறார்கள், யாருடைய காகிதத்தையும் யாரும் சரிபார்ப்பதில்லை. புகார் எழுதினால் ஒரு நம்பர் கொடுப்பார்கள், அந்த நம்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதேபோல சிபாரிசு செய்பவருக்குக் கமிஷன் தருகிறேன் என்றும் ஆரம்பிக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டுதான் சொன்னார் என்று ஒரு நாள் தெரிந்தால் அவர் பேச்சுக்கும் மதிப்பு போகும், உங்கள் பேருக்கும் மதிப்பு போகும். சாமான் இறக்கி முடிந்த அன்று மாலை அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டு, “உங்க நண்பர் வீட்டுச் சாமான் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது” என்று சொன்னால் போதும், அடுத்த ஆளை அவரே அனுப்புவார்.

அப்புறம், பேரம் பேசுகிறவர்கள் எப்படியும் வருவார்கள். தொகையை மட்டும் குறைத்தால் உங்கள் முதல் ரேட் பொய் என்று ஆகிவிடும், அதனால் ஏதாவது ஒரு வேலையைக் கழித்துக் குறையுங்கள். துணியையும் புத்தகத்தையும் அவர்களே பெட்டியில் அடுக்கிக்கொள்ளட்டும், அல்லது எல்லோரும் வீடு மாறும் மாதக் கடைசியை விட்டுவிட்டு நடுவில் ஒரு வேலை நாளில் வரட்டும். கண்ணாடிச் சாமான் பேக்கிங்கை மட்டும் அவர்கள் கையில் விடாதீர்கள், அவர்கள் கட்டியது உடைந்தாலும் உங்கள் ஆட்கள் உடைத்ததாகத்தான் வெளியில் போகும்.