மோர் குடித்தால் தூக்க மாத்திரை சீக்கிரம் இறங்கிவிடுமா?

கேள்வி: “பெங்களூரில் இருக்கிறேன். பத்து நாளாக ராத்திரி 11 மணிக்கு குளோனசிபாம் 0.5 மி.கி. போடுகிறேன். காலை 8 மணிக்கு பைக்கில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டும்போது தலை பாரமாக இருக்கிறது. நிறையத் தண்ணீர், மோர் குடித்தால் மாத்திரை வெளியேறுமா?”

வெளியேறாது. சீரகத் தண்ணீர் குடித்தால் வெளியேறும் என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

குளோனசிபாம் கொழுப்பில் கரைகிற சரக்கு. சிறுநீரகம் அதை வடிகட்டினாலும் மறுபடி ரத்தத்துக்கே போய்விடும். கல்லீரல் அதை உடைத்து, தண்ணீரில் கரைகிற பொருளாக மாற்றிய பிறகுதான் வெளியே போக வழி. மாறாமல் அப்படியே சிறுநீரில் இறங்குவது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆகவே நாலு லிட்டர் தண்ணீர் குடித்தால் நாலு தடவை பாத்ரூம் போவீர்கள், அவ்வளவுதான். ஆபீஸ் வாசலில் அடிக்கும் பை-டூ காபி கண்ணைத் திறக்க வைக்கும். மாத்திரையை ஒரு துளிகூட அசைக்காது.

இப்போது கணக்கு. ரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறைய 30 முதல் 40 மணி நேரம் ஆகும். 36 என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் போட்ட 0.5 மி.கி.யில், மறுநாள் காலை 8 மணிக்கு 0.42 உள்ளே இருக்கும். ராத்திரி 11க்கு 0.31 பாக்கி. அதன் மேல் புதிதாக 0.5 போடுகிறீர்கள், 0.81 ஆகிறது. அடுத்த ராத்திரி 1 மி.கி. தாண்டும். இப்படியே ஏறி, ஒரு வாரத்தில் 1.35 பக்கம் போய் நிற்கும். அட்டையில் 0.5 என்றுதான் போட்டிருக்கும். ஆனால் நீங்கள் பைக் ஓட்டுவது 1.1 மி.கி. மருந்தோடு. (தோராயக் கணக்குதான். உடம்பு பழகப் பழக மயக்கம் கொஞ்சம் குறையும் என்பதும் உண்மை. மருந்தியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

“அப்போ 9 மணிக்கே போட்டுவிடுகிறேன்” என்பீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் குறைவது வெறும் 4 சதவீதம்.

எல்லாத் தூக்க மாத்திரையும் இப்படியில்லை. சோல்பிடெம் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒன்பது மணி நேரம் கழித்துப் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆனால் பெண்கள் உடம்பில் இது மெதுவாகத்தான் இறங்குகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் அவர்களுக்கான அளவை 10-லிருந்து 5 மி.கி. ஆக்கியது. இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வயிறு நிறைய பிரியாணி தின்ற கையோடு போட்டால் ரத்தத்தில் ஏறவே தாமதமாகும். “வேலை செய்யலையே” என்று இன்னொன்று போடுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து அமுக்கும். அல்பிரசோலம் பாதியாக 11 மணி நேரம், வயதானவர்களுக்கு 16 வரை. லோரசிபாம் சுமார் 12. கல்லீரல் பழுதானவர்களுக்குப் பெரும்பாலும் லோரசிபாம் எழுதுவதற்குக் காரணம், அதை உடைக்கும் வழி வேறு, கல்லீரல் கெட்டாலும் அந்த வழி ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

படர்தாமரைக்கு இட்ராகோனசோல் சாப்பிடுகிறீர்களா? அதை மறைக்காமல் சொல்லுங்கள். கல்லீரலில் லோரசிபாம் தவிர இந்த மருந்துகளை உடைக்கும் நொதியையே அது கட்டிப்போடும். அல்பிரசோலத்தோடு அது சேரவே கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறு. அது நொதியை முடுக்கிவிடும், சோல்பிடெம் போட்டதே தெரியாது.

டாக்டரிடம் “தூக்கமா இருக்கு” என்று மட்டும் சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார். மாத்திரை போட்ட நேரம், எழுந்த நேரம், தலை தெளிந்த நேரம், கூடச் சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் நாலு நாள் எழுதிக் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பது அப்போது அவருக்கே தெரியும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தினமும் போட்டுப் பழகியவர்களுக்கு வலிப்பே வரலாம். டாக்டர் முடிவு சொல்லும்வரை பைக் வேண்டாம், சில்க் போர்டுக்குத்தான் மெட்ரோ வந்தாயிற்றே. மாத்திரை போடும் நாட்களில் பீரும் வேண்டாம். “ஒரே ஒரு பைன்ட்” என்று பேரம் பேசவும் வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மெடிக்கல் ஷாப்காரர்கள் அட்டையைக் கத்தரிக்கும் அழகு இருக்கிறதே! பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கம் கடையில் தங்கிவிடும், நமக்கு வருவது மொட்டை அட்டை. கேட்டால் கன்னடத்தில் “நித்தெ மாத்ரெ”, அதாவது தூக்க மாத்திரை என்பார்கள். எந்த நித்தெ? இரண்டரை மணி நேரத்துக்காரனா, நாற்பது மணி நேரத்துக்காரனா? எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகிக் கிடக்கும் ஒருவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கிப் போனால் அங்கே முதலில் கேட்பது “என்ன மாத்திரை, எத்தனை?” என்றுதான். பெயர் இருக்கும் பக்கமாக வெட்டிக் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் முழு அட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள்.