பக்கத்து வீட்டுக்குக் கேட்காத கிடார்

அன்புள்ள சார்,

இசை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். வேலை போக மிச்சமிருக்கும் நேரத்தில் நீங்களும் கிடார் வாசிப்பவர் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். உங்களிடம் என்னென்ன கிடார்கள் இருக்கின்றன, எந்த மாதிரி டோன் (ஒலியின் குணம்) பிடிக்கும், யாரையெல்லாம் கேட்பீர்கள் என்று கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. போன வருடம் லெஸ் பால் மாதிரியில் ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பில் ஒரு வகை) போட்ட ஒரு எலக்ட்ரிக் கிடாரும் 50 வாட் ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒன்றும் வாங்கினேன். குடியிருப்பது அபார்ட்மென்டில். ஆம்ப்பின் வால்யூம் ஒன்றைத் தாண்டினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுகிறார். ஒன்றிலேயே வைத்தால் நான் கேட்டு வளர்ந்த ராக் இசையின் கனம் துளிகூட இல்லை. கையில் கோளாறா, கருவியில் கோளாறா என்று புரியவில்லை. மேடை ஏறும் எண்ணமே இல்லாதவருக்கு டோனைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று மனைவி கேட்கிறார். அதற்கும் பதில் தெரியவில்லை.

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மேடையில் வாசிப்பவருக்கு டிரம்ஸ் இருக்கிறது, பேஸ் இருக்கிறது, பாடுபவர் இருக்கிறார், எதிரே கூட்டம் இருக்கிறது. டோன் சுமாராக இருந்தாலும் அவை அவரைத் தாங்கிக்கொள்ளும். அறையில் தனியாக வாசிப்பவருக்கு அந்த ஒலியை விட்டால் வேறு துணை கிடையாது. அது காதுக்குப் பிடிக்காமல் போனால் கிடார் சீக்கிரமே பரண் ஏறிவிடும். அதனால் பொழுதுபோக்காக வாசிப்பவர்தான் டோனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கையிலும் கோளாறு இல்லை, கருவியிலும் இல்லை. சத்தம் குறையும்போது நம் காது எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் குறைத்துக் கேட்பதில்லை. 1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். ஒலி தணியத் தணிய முதலில் கீழ்ச்சுருதிகள் மங்கும், உச்சத்தில் இருப்பதும் கொஞ்சம் மங்கும், நடுப்பகுதி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கிடாரின் தடித்த ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. நீங்கள் தேடும் கனம் அந்த இடத்தில்தான் இருக்கிறது, வால்யூம் ஒன்றில் முதலில் காணாமல் போவதும் அதுதான். போதாததற்கு அந்த ராக் ஒலிகள் பெரும்பாலும் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பை முழுசாகத் திறந்துவிட்டுப் பதிவு செய்தவை. அவற்றின் கரகரப்பில் பாதி, வால்வும் ஸ்பீக்கரும் திணறும்போது வருவது.

சரி, சின்ன ஆம்ப் வாங்கிவிடலாமா என்று தோன்றும். வாட் கணக்கு நம்மை ஏமாற்றக்கூடியது. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது 5 வாட் ஆம்ப்பை முழுசாகத் திறந்தால் உங்கள் 50 வாட் ஆம்ப்பின் உச்ச சத்தத்தில் பாதி வந்துவிடும். அபார்ட்மென்டில் அதுவே மிக அதிகம்.

இப்போது என் கிடார்கள். மூன்று இருக்கின்றன. மூன்றுமே, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பவனின் கிடார்கள்.

அதிகம் வாசிப்பது நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடார். இன்று நாம் பார்க்கும் இந்த வடிவத்தையும், சுமார் 650 மில்லிமீட்டர் கம்பி நீளத்தையும் நிலைநிறுத்தியவர் 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அல்மேரியாவிலிருந்து வந்த அந்தோனியோ டி டோரஸ். மேல்பலகைக்கு அடியில் மரச்சட்டங்களை விசிறிபோல் விரித்து ஒட்டும் முறையைச் செம்மைப்படுத்தியதும் அவர்தான். அந்தக் காலத்தில் போட்டது விலங்குக் குடலில் திரித்த நரம்புத் தந்தி. நைலான் வந்தது 1940களில், நியூயார்க்கில் கிடார் செய்பவரான ஆல்பர்ட் அகஸ்டினும் கிளாசிக்கல் கிடார் மேதை செகோவியாவும் சேர்ந்து முயன்றபோது. ஸ்டீல் கம்பி கிடாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும், நைலானில் சுமார் 40 கிலோதான். அந்தத் தளர்வுதான் ஒலியில் தெரிகிறது. மெதுவாக வாசித்தால் பேசும் குரலுக்கு மேலே போகாத ஒலி. ஒரு அறைக்குச் சரியாக இருக்கும், சுவரைத் தாண்டி யாரையும் எழுப்பாது. நான் இருப்பது சென்னையில் கடலுக்குப் பக்கம். இங்கே ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துக் கையைக் கருப்பாக்கும். நைலானுக்கு அந்தத் தொல்லை இல்லை. கீழ்ச்சுருதிக் கம்பிகள் மூன்றில் மட்டும் வெள்ளி பூசிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். மங்கிப்போவது அவைதான், அவற்றை மட்டும் மாற்றினால் போதும். மேல்சுருதிக் கம்பிகள் மூன்றும் நீண்ட நாள் தாங்கும்.

இரண்டாவது ஒரு செமி ஹாலோ. கிப்சன் 1958இல் கொண்டுவந்த இஎஸ்-335இன் வடிவம், ஆனால் கிப்சன் அல்ல, விலை குறைந்த இன்னொரு கம்பெனியின் கிடார். இதன் இரண்டு பக்கமும் உள்ளே வெறுமையாக இருக்கும், நடுவில் மட்டும் ஒரு மரக்கட்டை ஓடும். ஆம்ப்பில் சொருகாமலேயே பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். என் மனசுக்கு மிகவும் நெருக்கமான டோன் இதில்தான் கிடைக்கிறது. கழுத்துப் பக்கத்து பிக்அப், கிடாரில் வால்யூம் ஏழு, டோன் பாதி. ஆம்ப்பை நன்றாகத் தணித்து, கம்பியின் நேரடி ஒலியும் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியும் சம அளவில் கலக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்வேன். விரலின் தொடுகை கம்பியிலிருந்து கேட்கும், உடம்பும் நீளமும் ஸ்பீக்கரிலிருந்து வரும். இந்தக் கலவை சத்தமான ஆம்ப்பில் கிடைக்காது, கம்பியின் குரலை ஸ்பீக்கர் மூடிவிடும். அறையில் வாசிப்பவருக்கு மட்டுமே வாய்க்கும் ஒரு டோன் இது. இதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

மூன்றாவது, டெலிகாஸ்டர் மாதிரியில் ஒன்று. பளீரென்ற ஒலி. நம் வீடுகளில் சிமெண்ட் பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் அந்தப் பளீரை இன்னும் கூர்மையாக்கித் திருப்பி அடிக்கும், அதனால் டோன் குமிழை எப்போதும் இறக்கியே வைத்திருப்பேன். ஒற்றைச் சுருள் பிக்அப் என்பதால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். கிப்சனில் இருந்த சேத் லவர் 1950களின் நடுவில் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலைத் தனக்குத்தானே அடித்துக்கொள்ளும்படி செய்ததுதான் உங்கள் கிடாரில் இருக்கும் ஹம்பக்கர். அபார்ட்மென்டில், தணிந்த வால்யூமில் அது பெரிய வசதி. அதை விற்றுவிடாதீர்கள்.

யாரைக் கேட்பேன் என்றால், முதலில் வெஸ் மான்ட்கோமரி. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ்காரர், 1923இல் பிறந்தவர். பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரியில் கிடார். பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து வாசித்தால் அக்கம்பக்கத்தில் தொந்தரவு என்று கட்டைவிரலின் சதையாலேயே வாசிக்கப் பழகினார். பின்னாளில் ஜாஸ் உலகமே அடையாளம் கண்டுகொண்ட அந்த உருண்டையான, இதமான ஒலி அப்படி வந்ததுதான். உங்கள் கடிதத்தில் கீழ்வீட்டுக்காரர் வந்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. பெரிய மேடைகளுக்குப் போன பிறகும் அவர் பிக்கை எடுக்கவில்லை.

அடுத்தவர் ஜாஸ் கிடார் கலைஞர் ஜிம் ஹால். சத்தத்தைக் குறைத்து, குறைவான சுரங்களை வாசித்துக் கேட்பவரைத் தன் பக்கம் சாய வைப்பவர். பியானோ கலைஞர் பில் எவன்ஸுடன் அவர் சேர்ந்து செய்த 'அண்டர்கரன்ட்' ஆல்பம் 1962இல் வந்தது. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, இரண்டு பேர் மட்டும். மின்சாரம் எதற்கு என்பதை நான் அவரிடம்தான் புரிந்துகொண்டேன். ஆம்ப் என்பது பலமாக வாசிப்பதற்கு மட்டும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். இன்னும் மெதுவாகத் தொட்டாலும் கேட்கும் என்ற தைரியத்தை அது கொடுக்கிறது.

மாண்டலின் ஸ்ரீநிவாஸை இந்த வரிசையில் வைப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மேற்கத்திய மாண்டலினில் நான்கு ஜோடித் தந்திகள் இருக்கும், தட்டியதும் ஒலி செத்துவிடும், கமகம் முடிவதற்குள் சுரம் மறைந்துவிடும். அவர் மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் போட்டார். அங்கே மின்சாரம் தந்தது முக்கியமாக நீளத்தை. ஒரு சுரம் நின்று, வளைந்து, அடுத்ததில் போய் இறங்குவதற்கான அவகாசத்தை. கிடாரில் பெண்ட் (கம்பியை இழுத்துச் சுரத்தை உயர்த்துவது) பழகுபவர்கள் ராக் கலைஞர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் அவரையும் கேட்க வேண்டும். எவ்வளவு இழுத்தால் சுருதி சரியாகப் போய் உட்காரும் என்பதில் அவ்வளவு தெளிவு வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை.

அப்புறம் ராஜா. இளையராஜாவே முறையாக கிளாசிக்கல் கிடார் கற்றவர், அது அவர் பாடல்களின் உள்கட்டில் தெரியும். ஆனால் நான் திரும்பத் திரும்பக் கேட்பது பேஸ் கிடாரை. சசிதரன் பல வருடம் அவருக்கு பேஸ் வாசித்தவர். பேஸின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸ், டிரான்சிஸ்டர் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. ஆனாலும் மேலே ஒலிக்கும் கிளைச்சுருதிகளை வைத்து மூளை அந்த அடிச்சுருதியை இட்டு நிரப்பிக்கொள்ளும். சிறுவயதில் ரேடியோவில் கேட்ட பாடல்களைப் பின்னாளில் நல்ல ஹெட்ஃபோனில் கேட்டபோது, அடியில் இன்னொரு மெட்டு முழுசாக ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து எந்தப் பாட்டிலும் முதலில் பேஸைத்தான் தேடுகிறேன்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். மிதமிஞ்சிய டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைப்பது) எனக்கு ஒத்துவராது. மெதுவாகத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் ஒரே உயரத்தில் சீவித் தள்ளிவிடும். எந்த வித்தியாசத்துக்காக நான் ராத்திரி உட்கார்ந்து பழகுகிறேனோ அதுவே போய்விடுகிறது. பிளாக் சபாத் ராக் குழுவின் டோனி அயோமி வாசிப்பதைக் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. என் அறையில் வாசிக்க ஆசையில்லை.

உங்களுக்குச் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஆம்ப்பைத் தரையிலிருந்து எடுத்து, மடித்த கம்பளியைப் போட்ட நாற்காலியில் வையுங்கள். கீழ்வீட்டுக்குப் போவது பெரும்பாலும் தரை வழியாக இறங்கும் கீழ்ச்சுருதிதான், அது ஓரளவு குறையும். ஸ்பீக்கரும் முழங்காலை விட்டுக் காதைப் பார்க்கும். கிடார் ஸ்பீக்கரின் உச்சச் சுருதிகள் நேர்கோட்டில் போகிறவை, காதுக்கு நேராக இருந்தால் குறைந்த சத்தத்திலேயே தெளிவு வரும். மூன்றடி தள்ளி உட்காருங்கள். கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழைப் பாதியாகக் குறைத்து, பேஸ் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு வாரம் பிக்கை மேஜை டிராயரில் போட்டுவிட்டுக் கட்டைவிரலால் வாசித்துப் பாருங்கள். ராக்கின் முழுக் கனம்தான் வேண்டும் என்று தோன்றும் இரவுகளில் ஹெட்ஃபோன் ஆம்ப் இருக்கிறது. அதில் குறையொன்றும் இல்லை.

ஆம்ப்பில் மாஸ்டர் வால்யூம் என்று தனியாக ஒரு குமிழ் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். இருந்தால் இன்னும் சில செட்டிங் சொல்ல முடியும்.