கேளுங்கள், சொல்கிறேன்: சினிமாவிலிருந்து மேடைக்கு வந்தவர்

சென்ற இதழில் ஒரு வாசகி, "உங்களுக்குப் பிடித்த வெளிநாட்டு நடிகர் யார்?" என்று கேட்டிருந்தார். "பிரான்ஸின் ழெரார் பிலிப்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவை. அதனால் இந்த இதழ் முழுக்க அவருக்கே.

அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்? படம் பார்த்தா? (திருவல்லிக்கேணி வாசகர்)

படம் பார்த்து இல்லை, குரல் கேட்டு. சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். சனி, ஞாயிறுகளில் சபா நாடகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்த மூத்த ஆசிரியை ஒரு கேசட் கொடுத்தார். 'குட்டி இளவரசன்' கதையின் ஒலிப்பதிவு. (தமிழில் க்ரியா வெளியீடாக வந்ததே, அதே கதைதான்.) 1954-ல் பிரான்ஸில் இசைத்தட்டாக வந்தது. பாலைவனத்தில் விமானம் பழுதாகி இறங்கிய விமானியாக, கதை சொல்பவராக, பேசியவர் ழெரார் பிலிப்.

பழைய கேசட். நடுவில் இரண்டு இடங்களில் குரல் இழுபடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் 'எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி வரைந்து கொடு' என்று அந்தச் சிறுவன் கேட்கும் இடம் வந்ததும் வகுப்பு அடங்கிவிடும். பிலிப் அங்கே குரலை உயர்த்தவே மாட்டார். தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் எப்படித் திரும்பிப் பார்ப்பானோ, அப்படி ஒரு சின்ன இடைவெளி விட்டுத்தான் பதில் சொல்வார். அந்த இடைவெளியைக் கேட்பதற்காகவே எத்தனை முறை ரீவைண்ட் செய்திருப்பேன் என்று கணக்கில்லை. மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள்கூட அந்தப் பக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள்.

பிறகுதான் நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் அவர் படங்களைப் பார்த்தேன்.

பெயரில் எழுத்தைக் கூட்டிக்கொண்டார் என்கிறார்களே, அங்கேயும் நியூமராலஜி உண்டா? (கோடம்பாக்கம் வாசகர்)

உண்டு! குடும்பப் பெயர் பிலிப். அதன் பிரெஞ்சு எழுத்துகளின் கடைசியில் ஒரு 'இ' சேர்த்துக்கொண்டார், பெயர் மொத்தம் 13 எழுத்து வரும்படி. அம்மாவின் யோசனை என்பார்கள். உச்சரிப்பில் மாற்றமில்லை. அந்த 13 அவர்களுக்கு ராசியான எண்.

ஆனால் எனக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் வேறொன்று தெரிகிறது. அவர் 1922 டிசம்பர் 4-ஆம் தேதி கான் நகரத்தில் பிறந்தவர். ஜெர்மானியர்கள் பிரான்ஸைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், அப்பா அவர்களோடு ஒத்துப்போன பக்கம். போர் முடிந்ததும், ஆள் இல்லாமலே விசாரணை நடந்து அப்பாவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் அதற்குள் ஸ்பெயினுக்குப் போய்விட்டார். மகனோ 1944 ஆகஸ்டில், பாரிஸ் விடுதலையானபோது நகர மன்றத்தைக் கைப்பற்றிய போராளிகளோடு நின்றான். ஒரே வீட்டில் இரண்டு பேர். மறு வருஷமே, 22 வயதில், அல்பேர் காம்யுவின் நாடகத்தில் கொடுங்கோல் மன்னன் கலிகுலாவாக மேடையேறினார். அந்த வயதில் அந்தப் பாத்திரத்தைத் தாங்கியது வெறும் பயிற்சியால் மட்டும் என்று நான் நம்பவில்லை.

நம் ஊர் நடிகர் யாரோடு ஒப்பிடலாம்? (அண்ணா நகர் வாசகி)

ஒருவரோடு முடியாது. 1952-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 'பராசக்தி' வந்து சிவாஜி கணேசன் ஒரே படத்தில் நாடெங்கும் தெரிந்த முகமானார். அதே வருஷம் அங்கே 'ஃபான்ஃபான் லா துலிப்' வந்தது. ராஜாவின் மகளை நீ மணப்பாய் என்று பொய்க் கைரேகை சொல்லி, ஒரு கிராமத்து வாலிபனைப் பட்டாளத்தில் சேர்த்துவிடும் கதை. குறி சொல்லும் பெண்ணாக ஜீனா லோலோபிரிஜிடா. பிலிப் கூரை மேல் ஓடுவதையும், கத்தி வீசிக்கொண்டே சிரிப்பதையும் பார்த்தால் உங்களுக்கு எம்.ஜி.ஆர். ஞாபகம்தான் வரும். இயக்குநர் கிறிஸ்தியான் ழாக்குக்குக் கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு கிடைத்தது.

சிவாஜியோடு பொருந்துவது வேறு விஷயத்தில். சினிமாவில் உச்சத்தில் இருந்தபோதும் சிவாஜி நாடக மன்றத்தை விடவில்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' மேடையில் நடந்த பிறகுதான் 1959-ல் படமானது. பிலிப்பும் அந்த ஜாதி. அதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

சினிமாவில் இவ்வளவு பெயர் வாங்கியவர் ஏன் நாடகத்துக்குப் போனார்? பணம் குறைவாயிற்றே? (மேற்கு மாம்பலம் வாசகர்)

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழையே ஒதுக்கினேன்.

1947-ல் வந்த 'லெ தியாப்ல் ஓ கோர்' படத்திலேயே அவர் நட்சத்திரம். போர்முனைக்குப் போன சிப்பாயின் மனைவியைக் காதலிக்கும் பள்ளிப் பையன் வேடம். ஊரே கொதித்தது, படமும் ஓடியது. அப்படிப்பட்டவர் 1950 கடைசியில் ழான் விலார் என்ற நாடக இயக்குநரைத் தேடிப்போய், உங்கள் குழுவில் சேர்கிறேன் என்றார். விலார் 1947 முதல் அவிஞ்ஞோன் ஊரில் கோடைக்கால நாடக விழா நடத்திக்கொண்டிருந்தார். போப்பாண்டவர்களின் பழைய அரண்மனை முற்றம்தான் அரங்கம். மேலே வானம், சுற்றிலும் கல் சுவர், பெரிய செட் எதுவும் கிடையாது. 1951 ஜூலையில் அங்கே பிலிப் 'லெ சிட்' என்ற பழைய பிரெஞ்சு நாடகத்தில் நாயகன் ரொட்ரீகாகவும், க்ளைஸ்ட்டின் 'ஹோம்பர்க் இளவரசன்' நாடகத்தில் கனவில் நடக்கும் இளவரசனாகவும் நடித்தார். போர் முடிந்து ஆறே வருஷம். ஜெர்மன்காரர் எழுதிய நாடகத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் மெய்மறந்து பார்த்தார்கள்.

அந்த வருஷமே அரசாங்கம் தேசிய மக்கள் நாடக அரங்கை விலாரிடம் ஒப்படைத்தது. பாரிஸின் ஷையோ மாளிகை அரங்கம் அப்போது ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்துக்காகப் போயிருந்ததால், நவம்பரில் சுரேன் என்ற புறநகரில் தொடங்கினார்கள். நம் கணக்கில், மியூசியம் தியேட்டர் கிடைக்காமல் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போய்ப் போட்டது மாதிரி. ஒரு நாடகத்தில் பிலிப் கதாநாயகன். இன்னொன்று பிரெக்ட்டின் 'மதர் கரேஜ்'. அதில் அவருக்கு மூத்த மகன் வேடம், சின்ன வேடம். வாங்கிக்கொண்டார்.

சுவரொட்டியில் நடிகர் பெயர்கள் அகர வரிசையில்தான் வரும். அவர் பெயர் வரிசைப்படி எங்கே விழுமோ அங்கேதான் இருக்கும், பெரிய எழுத்தும் இல்லை. சம்பளம், சினிமாவில் வாங்கியதோடு பார்த்தால் சொற்பம்.

இதை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எங்கள் குழுவில் ஒருமுறை நோட்டீஸ் அடித்து வந்தது. கதாநாயகனாக நடித்தவர் தன் பெயர் மூன்றாவதாக இருப்பதைப் பார்த்தார். கிரீன் ரூமில் பாதி மேக்கப்போடு எழுந்தவர், ஸ்பிரிட் கம் போட்டு ஒட்டிய மீசையைப் பிய்த்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். ஆறே முக்காலுக்குத் திரை தூக்க வேண்டும். ப்ராம்ப்ட் செய்துகொண்டிருந்த பையனுக்கு வசனம் முழுக்கத் தெரியும் என்பதால், அதே மீசையை அவனுக்கு ஒட்டி மேடைக்கு அனுப்பினோம். அந்த மீசை மேஜை மேல் கிடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

விலாரின் அரங்கில் பார்க்க வருபவர்களுக்கும் மரியாதை இருந்தது. பாரிஸில் அதுவரை இருக்கை காட்டுபவருக்கு டிப்ஸ் கொடுத்தாக வேண்டும், மேலங்கியைக் கழற்றி வைக்கவும் காசு. இரண்டையும் நிறுத்தினார்கள். டிக்கெட் விலையைக் குறைத்தார்கள். மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் நேரத்தோடு வீடு திரும்ப வேண்டும் என்று எட்டு மணிக்கே தொடங்கினார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க க்ளைமாக்ஸில் எழுந்து போகும் ரசிகர்களை மேடையிலிருந்து பார்த்தவள் நான். அந்த எட்டு மணியின் அருமை எனக்குத் தெரியும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சங்க வேலைக்கும் அவர் முன்னால் நின்றார். பிரிந்து கிடந்த பிரெஞ்சு நடிகர்கள் 1958-ல் ஒரே சங்கமானபோது தலைவர் அவர்தான்.

பிரான்ஸின் புதிய அலைக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காதாமே? (வேளச்சேரி வாசகர்)

உண்மை. புதிய அலை என்பது 1950-களின் கடைசியில் பிரெஞ்சு சினிமாவின் பாணியை மாற்றிய இளம் இயக்குநர்களின் கூட்டம். அவர்களில் ஒருவரான பிரான்சுவா த்ருஃபோ, விமர்சகராக இருந்த நாட்களில் பிலிப்பைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். நாவல்களை அழகழகாகப் படமாக்கும் பழைய பாணியின் முகமாக பிலிப்பைப் பார்த்தார்கள். 'சிவப்பும் கறுப்பும்' நாவலை அவர் நடிக்கப் படமாக்கியதை நானே இரண்டாம் முறை பார்க்கும்போது கொஞ்சம் நெளிந்தேன். அவரே இயக்கி நடித்த 'தில் யூலன்ஸ்பீகல்' (1956) படமும் சரியாகப் போகவில்லை. ஆனால் ரெனே க்ளேர், மாக்ஸ் ஒஃபுல்ஸ், புனுவெல் என்ற பெரிய இயக்குநர்கள் மூவரிடமும் நடித்தவர் அவர். மேடையில் அவரைப் பார்த்தவர்கள் யாரும் அந்த விமர்சனத்தை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சின்ன வயதிலேயே இறந்துவிட்டாரா? (பெரம்பூர் வாசகி)

ஆமாம் அம்மா. 1959 நவம்பர் 25. முப்பத்தேழாவது பிறந்த நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். கல்லீரல் புற்றுநோய், முற்றிவிட்டது. மருத்துவர்கள் மனைவி ஆனிடம் மட்டும் சொன்னார்கள். ஆன் அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்தார். அவர் படுக்கையில் கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் படித்துக்கொண்டிருந்தார், அடுத்து எதைப் போடலாம் என்று. குழந்தைகள் இரண்டும் சின்னஞ்சிறிசுகள்.

ஆன் செய்தது சரியா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். என் கணவர் விஷயத்திலும் மருத்துவர் என்னைத் தனியாகத்தான் கூப்பிட்டார். நான் அன்று சாயங்காலமே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "இன்ஷ்யூரன்ஸ் பேப்பர் அலமாரி மேல்தட்டுல இருக்கு" என்றார். நான் சொன்னதும் அன்புதான், ஆன் சொல்லாததும் அன்புதான். பிலிப் தன் கடைசி நாட்களில் அடுத்த நாடகத்தை யோசித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது ஆன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

தெற்கே, கடலோரத்துக்குப் பக்கத்தில், ரமத்துவெல் என்ற ஊரின் சின்ன இடுகாட்டில் அவரைப் புதைத்தார்கள். ரொட்ரீக் வேடத்துக்குப் போட்ட அதே உடையை உடுத்தி. சினிமா உடை இல்லை, அவிஞ்ஞோன் மேடையின் உடை.

நான் சாலிகிராமத்தில் அறை எடுத்து வாய்ப்புத் தேடுகிறேன். இரண்டு வருஷமாக ஆடிஷன். நேரே கேமராவா, முதலில் மேடையா? உங்கள் பிலிப் என்ன செய்தார்? (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

தம்பி, அவர் 1942-ல் நீஸ் நகரத்தில் மேடையில்தான் தொடங்கினார், 19 வயதில். அப்புறம் பாரிஸ் போய் நாடகக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் காலம் வேறு, உங்கள் வாடகை வேறு. ஆடிஷனை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு ஆடிஷனுக்கு நடுவில் இருக்கும் பதினைந்து நாளில் என்ன செய்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லையே. அந்த நாட்களில் ஏதாவது ஒரு குழுவோடு இருங்கள். கூத்துப்பட்டறை மாதிரி இடங்களில் பயிற்சி பற்றி விசாரியுங்கள். தினமும் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்து போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே அவசரப்படுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் குழுவில் இப்போது ஒரு தபால்காரர் வேடம் காலியாக இருக்கிறது. நான்கு வரி வசனம். மற்ற நேரத்தில் திரை இழுக்க வேண்டும். ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மயிலாப்பூரில், காபி உண்டு. வர முடியுமானால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். நோட்டீஸில் உங்கள் பெயர் அகர வரிசைப்படி வரும்.