வாசகர் கேள்வி – பதில்: உலகப் பஞ்சாயத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு?

கேள்வி: ஐ.எம்.எஃப். (சர்வதேச நிதியம்), உலக வங்கி இரண்டுமே கடன்தானே கொடுக்கின்றன, எதற்கு இரண்டு?

பதில்: இரண்டும் 1944இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். அணை, சாலை, மின்சாரம் என்று நீண்டகால வேலைகளுக்குக் கடன் தருவது உலக வங்கி. கையிருப்பில் டாலர் வற்றி, இறக்குமதிக்குப் பணம் கட்ட வழியில்லாமல் ஒரு நாடு முழிக்கும்போது போய் நிற்கிற இடம் ஐ.எம்.எஃப். அங்கே பணம் மொத்தமாக வராது, தவணையாகத்தான் வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் வரியைக் கூட்டினாயா, மானியத்தைக் குறைத்தாயா என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். பெயரில் குழம்பியிருந்தால் கவலை வேண்டாம், இவற்றை உருவாக்கியவர்களில் ஒருவரான பொருளாதார அறிஞர் கெயின்ஸே வங்கிக்கு நிதியம் என்றும் நிதியத்துக்கு வங்கி என்றும் பேர் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னவர்தான்.

கேள்வி: ஐ.எம்.எஃபில் அமெரிக்காவுக்கு வீட்டோ (தனி ஆளாக முடிவைத் தடுக்கும் அதிகாரம்) உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை, ஆனால் அமெரிக்காவின் பேரைப் போட்டு எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் அதிகாரம் சாசனத்திலேயே இருக்கிறது. ஐ.எம்.எஃபில் எல்லாம் கணக்குதான். நாட்டுக்கு ஒரு ஓட்டு கிடையாது, போட்ட பணத்தை ஒட்டி ஓட்டு. அமெரிக்காவிடம் சுமார் 16.5 சதவீதம். பெரிய முடிவுகளுக்கு 85 சதவீதம் வேண்டும். சரி, கழித்துப் பாருங்கள்: மற்ற எல்லா நாடும் சேர்ந்து கை தூக்கினாலும் 83.5தான் வரும்! 2010இல் சீனா போன்ற நாடுகளின் பங்கைக் கூட்ட ஒரு சீர்திருத்தம் ஒப்புக்கொள்ளப்பட்டது, அமெரிக்க நாடாளுமன்றம் அதற்குத் தலையாட்டியது 2015 டிசம்பரில், அதுவரை மொத்த உலகமும் காத்துக்கொண்டிருந்தது. தலைவர் பதவி வேறு கதை. இதுவரை ஐ.எம்.எஃபுக்கு ஐரோப்பியர், உலக வங்கிக்கு அமெரிக்கர் என்றுதான் நியமனம் நடந்து வருகிறது, அப்படி எந்த விதியும் கிடையாது.

கேள்வி: ஏழு பணக்கார நாடுகளின் குழுவான ஜி7க்குத் தலைமை அலுவலகம் எந்த ஊரில்?

பதில்: எந்த ஊரிலும் இல்லை. சாசனம், நிரந்தரச் செயலகம் எதுவுமே கிடையாது. அந்த வருடம் யார் தலைமையோ அவர்கள் வீட்டில்தான் கூட்டம்.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பின் நீதிமன்றம் செத்துவிட்டதா?

பதில்: பாதி உயிர் இருக்கிறது. முதல் கட்ட விசாரணைக் குழு இன்றும் தீர்ப்புச் சொல்லும். மேல்முறையீட்டு அமர்வில்தான் ஆளே இல்லை. ஏழு பேர் இருக்க வேண்டிய இடம், ஒரு வழக்கைக் கேட்கக் குறைந்தது மூன்று பேர். நியமனத்துக்கு எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால், அமர்வு வரம்பு மீறுகிறது என்று சொல்லி அமெரிக்கா புது ஆட்களைத் தொடர்ந்து தடுத்தது. 2019 டிசம்பரில் ஒரே ஒருவர் மிஞ்சினார், அடுத்த வருடம் அவர் பதவிக்காலமும் முடிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் மேல்முறையீடு செய்யும் உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது. தோற்ற நாடு மேல்முறையீடு என்று ஒரு தாளை நீட்டினால் போதும், கேட்க ஆளில்லாததால் தீர்ப்பு அப்படியே தொங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியமும் வேறு சில நாடுகளும் 2020இல் தங்களுக்குள் ஒரு மாற்று ஏற்பாடு செய்துகொண்டன, ஆனால் சேராதவர்களை அது கட்டுப்படுத்தாது.

கேள்வி: உலகத்தையே சில ரகசியக் குழுக்கள்தான் ஆட்டிவைக்கின்றன என்று என் நண்பர் சத்தியம் செய்கிறார். உங்கள் கருத்து?

பதில்: ரகசியக் குழுவை விட்டுவிட்டு, வங்கிகளுக்கு விதி எழுதும் பாசல் குழுவைப் பார்க்கச் சொல்லுங்கள். 1974 ஜூனில் ஜெர்மனியில் ஹெர்ஸ்டாட் என்ற வங்கியை அன்றைய வேலை நேரம் முடிந்ததும் இழுத்து மூடினார்கள். அப்போது நியூயார்க்கில் காலை. ஜெர்மன் பணமான மார்க்கைக் கட்டிவிட்டு டாலருக்காகக் காத்திருந்த வங்கிகளுக்கு டாலர் வரவில்லை. அந்த அடியில் பிறந்ததுதான் இந்தக் குழு. ஒரு வங்கி எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்று இவர்கள் எழுதுவதற்குச் சட்ட பலம் எதுவும் கிடையாது, ஆனாலும் குழுவில் உட்காராத நாடுகள்கூட அதைத் தங்கள் விதியாக்கிக்கொள்கின்றன. புது விதி வருவதற்கு முன் வரைவை இணையத்தில் போட்டு யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்கிறார்கள். எழுதிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் வங்கிகள்.