இன்னைக்கு என்ன மீன்?

இரண்டு இதழுக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ராமநாதபுரம் கரைச் சாப்பாட்டைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளே ஒரு கட்டு சேர்ந்துவிட்டதால் இந்த முறை முழுப் பக்கத்தையும் சாப்பாட்டுக்கே கொடுத்துவிட்டேன். பசியோடு படிக்க வேண்டாம்.

கேள்வி: குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருகிறோம். சாமி கும்பிட்டு முடித்ததும் நல்ல மீன் சாப்பாடு வேண்டும். எந்த ஹோட்டலுக்குப் போகலாம்?
— திருப்பூர் வாசகி

பதில்: பேர் சொல்ல மாட்டேன். முன்பு மூன்று கடைகளைச் சொல்லி, அதில் இரண்டில் மாஸ்டர் மாறிப்போய், சாப்பிட்டவர்கள் எல்லாம் என்னைத்தான் திட்டினார்கள். கோயிலைச் சுற்றிப் பெரும்பாலும் சைவ ஹோட்டல்தான். 22 தீர்த்தமும் ஆடி, தலைகூடக் காயாமல், பிள்ளைகள் பசியில் சிணுங்க, கண்ணில் பட்ட கடையில் ஏறி "மீன் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" என்று கேளுங்கள். விளமீன், பாறை என்று யோசிக்காமல் பேர் வந்தால் உட்காரலாம். "எல்லா மீனும் இருக்கு சார்" என்றால் எல்லாமே ஐஸ் பெட்டியில் இருக்கிறது என்று அர்த்தம்.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் ரோட்டோரமாக வீட்டு முன்பக்கத்தையே கடையாக்கி, அக்கா சமைக்க அண்ணன் பரிமாறும் சின்ன மெஸ்களைத் தேடுங்கள், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் குழம்பு இருக்கும், மீன் இருக்காது, இருந்தாலும் வால் துண்டுதான். அப்புறம் ஒரு பேர்க் குழப்பம். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பதை இந்தக் கரையில் பலர் சீலா என்பார்கள், சென்னையில் சீலா என்று விற்கிற மீனுக்கு இங்கே ஊளி என்று பேர். தெரியாமல் கேட்டுவிட்டுக் கடைக்காரரோடு சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விலையை முதலிலேயே கேளுங்கள், துண்டுக்கா எடைக்கா என்று. உள்ளூர்க்காரனான நானே ஒரு தடவை கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துக் கடை ஒன்றில், கூட மச்சினன் இருக்கிறாரே என்று கெளரவம் பார்த்து, விலை கேட்காமல் முழு மீன் பொரிக்கச் சொல்லிவிட்டேன். வந்த மீன் விரல் பட்டதும் ஊறிய ரொட்டி மாதிரி உதிர்ந்தது. புது மீன் அப்படி உதிராது, முள்ளை விட்டுத் துண்டு துண்டாகப் பிரிந்து வரும். பில்லைப் பார்த்துவிட்டு மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கேள்வி: மே மாத லீவில் வந்தோம். மீனில் ருசியே இல்லை, விலையும் அதிகம். வெளியூர்க்காரர்கள் என்று ஏமாற்றுகிறார்களா?
— கரூர் வாசகர்

பதில்: நீங்கள் வந்த மாதம் அப்படி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கக் காலம் என்று கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்குத் தடை (2017க்கு முன்னால் 45 நாளாக இருந்தது). அந்த நாட்களில் பெரிய ஹோட்டல்களுக்கு மேற்குக் கரை மீன் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும், லாரி வாடகையும் சேர்த்துத்தான் தட்டில் விழும். ஆனால் நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை கிடையாது. வள்ளத்தில் போய் விடியற்காலை கரைக்கு வருகிற சூடை, சாளை, நெத்திலி, முரல் எல்லாம் அந்த மாதங்களிலும் உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் துண்டு மீன்தான் கேட்பார்கள், சின்ன மீன் என்றால் முகம் சுளிப்பார்கள், அதனால் அவை ஹோட்டல் வாசலை அதிகம் மிதிப்பதில்லை. மேயில் வந்தால் சூடை பொரியல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் நெத்திலிக் கருவாடும் மாங்காயும் போட்ட குழம்பு. என்னைக் கேட்டால் ஐஸில் மூன்று நாள் கிடந்த வஞ்சிரத்துக்கு இந்தக் கருவாடு எவ்வளவோ மேல். சாப்பிட்டு வெளியே வந்தால் ரோட்டோரத்தில் நுங்கு வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: கூட வேலை பார்க்கும் நண்பரின் தங்கைக்குக் கீழக்கரையில் நிக்காஹ். ஒரே தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிறார்கள். பழக்கமே இல்லை, என்ன செய்வது?
— மதுரை வாசகர்

பதில்: போய் உட்காருங்கள், வேறென்ன! அந்தத் தட்டுக்கு சஹன் என்று பேர். நடுவில் நெய்ச்சோறு மலை மாதிரி குவிந்திருக்கும், அதன் மேல் கறி, பக்கத்திலேயே தாளிச்சாவும் பச்சடியும் கிண்ணத்தில். மூன்று பேரோ நாலைந்து பேரோ சுற்றி உட்காருவீர்கள். பெரியவர் பிஸ்மில்லா சொல்லிக் கை வைத்த பிறகு நீங்கள் கை வையுங்கள். வலது கை, அவரவர் முன்னால் இருக்கும் பக்கம் மட்டும். எதிர்ப்பக்கம் நல்ல எலும்புத் துண்டு தெரிகிறது என்று கையை நீட்டக் கூடாது, நீட்டவும் வேண்டியிருக்காது.

ஏன் வேண்டியிருக்காது என்று என் முதல் சஹனில்தான் தெரிந்தது. அப்போது எனக்குக் கல்லூரி வயது. கூச்சத்தில் ஓரத்துச் சோற்றை மட்டும் எறும்பு மாதிரி கொறித்துக்கொண்டிருந்தேன். எதிரே வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு பெரியவர், பக்கத்திலிருந்தவரோடு ஏதோ கொழும்பு வியாபாரம் பேசிக்கொண்டே, என்னைப் பார்க்காமலேயே, தன் முன்னால் இருந்த கறித் துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளித் தள்ளி என் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒன்றைத் தின்று நிமிர்ந்தால் அடுத்தது வந்து நிற்கிறது. "மாமா, போதும்" என்றேன். "பேசாம தின்னு தம்பி" என்றார், அவ்வளவுதான் எங்கள் மொத்தப் பேச்சும். சோறு குறையக் குறைய எல்லார் கையும் நடுவை நோக்கி வரும், அந்தக் கட்டத்தில் கூச்சம் எங்கே போனது என்றே தெரியாது.

முதலில் முடித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். நீங்கள் எழுந்தால் மற்றவர்களும் பாதியில் கையை எடுத்துவிடுவார்கள், மெதுவாகச் சாப்பிடுகிறவருக்குத் துணையாக நாலு பருக்கையையாவது அளைந்துகொண்டு உட்கார்ந்திருங்கள். கறி சாப்பிடாதவர் என்றால் நண்பரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள், தனி இலை போடுவார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடைசியில் வட்டிலப்பம் வந்தால் அதில் முட்டை உண்டு, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் முட்டையும் அடித்து ஆவியில் வேகவைப்பது. திரும்பும்போது கடைத்தெருவில் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்டு மணிக்கணக்கில் கிண்டியது, பஸ்ஸில் நசுங்கினாலும் கெட்டுப்போகாது.

கேள்வி: ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்கிறார்களே, அவ்வளவு காரமா?
— சேலம் வாசகி

பதில்: குண்டாக உருண்டு கருஞ்சிவப்பாக இருக்கும், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரத்தை விட நிறமும் வாசமும்தான் அதன் சொத்து. எண்ணெயில் போட்டதும் வருகிற வாசத்தை வைத்தே பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று எங்கள் அம்மா சொல்லிவிடுவார். தை கழிந்து காய்ந்த வத்தல் வர ஆரம்பித்ததும் வாங்கி, ஒரு வெயில் காட்டி வையுங்கள்.

கேள்வி: மகன் அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியாவில் இருக்கிறான். அங்கேயும் ‘தெற்கத்திச் சாப்பாடு’ பிரபலமாம், நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது என்கிறான். உண்மையா, இல்லை அம்மாவைச் சமாதானப்படுத்துகிறானா?
— பரமக்குடி வாசகி

பதில்: பாதி சமாதானம்தான் அம்மா, ஆனால் மீதிப் பாதி உண்மை. அங்கே சோளத்தை ரவை பதத்துக்கு உடைத்துக் கூழாகக் காய்ச்சி கிரிட்ஸ் என்பார்கள். ஜார்ஜியா, தென் கரோலினா கரையில் அதன் மேல் இறாலைப் போட்டுச் சாப்பிடுவது முதலில் மீன்பிடிக்கிறவர்களின் காலைச் சாப்பாடாக இருந்து, இன்றைக்குப் பெரிய ஹோட்டல்வரை போய்விட்டது. நம்ம ஊரில் கூழும் கருவாடும் அந்த இடத்துக்கு இன்னும் போகவில்லை, அது வேறு வருத்தம். லூசியானாவின் கம்போ குழம்பில் வெண்டைக்காய் போடுவார்கள், அந்தப் பேரே வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது, அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் கைப்பக்குவம். சர்ச் விருந்துகளில் ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுபோய்ப் பொதுவில் வைப்பார்கள். பையனை எலுமிச்சைச் சாதம் கொண்டுபோகச் சொல்லுங்கள், காரத்தைக் குறைத்து. நீங்கள் அனுப்பிய முண்டு மிளகாய்ப் பொடியை அங்கே காட்ட வேண்டாம்.

கேள்வி: கடல் அட்டை, ஆமைக் கறி எங்கே கிடைக்கும்?
— பேர் ஊர் இல்லாத கடிதம்

பதில்: ஜெயிலுக்குப் போகும் வழியில். இரண்டுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. பேர் போடாமல் எழுதியதிலிருந்தே உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: புதிதாகத் தொண்டிக்குக் குடிவந்திருக்கிறோம். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா) தினமும் ஒரு தூக்குவாளி கஞ்சி கொடுத்துவிடுகிறார். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, சும்மா வாங்கவும் கூச்சமாக இருக்கிறது.
— தொண்டி வாசகி

பதில்: ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து குழைந்த கஞ்சி, பள்ளிவாசலில் அண்டாவில் காய்ச்சுவதற்கு இருக்கும் ருசி வீட்டில் வராது. சில இடங்களில் கறியும் போடுவார்கள், சைவம் என்றால் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சுடச்சுடக் குடியுங்கள், வடையோ சம்சாவோ இருந்தால் தொட்டுக்கொள்ளலாம். வாளியை எங்கள் வீட்டில் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை, ஒன்றும் இல்லாத நாளில் அடியில் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது இருக்கும். நீங்கள் தினமும் ஏதாவது போட வேண்டியதில்லை. பொங்கலுக்கு வெண்கலப் பானையை இறக்கியதும் முதல் கிண்ணம் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.