பணம் வரும், ஆனால் எப்போது வரும்?

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் அரசுக் கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். ஃபாஃப்சா (மத்திய நிதியுதவிக்கான விண்ணப்பம்) நிரப்பி, வசதி குறைந்தவர்களுக்கு மத்திய அரசு திருப்பிக் கேட்காமல் தரும் பெல் கிராண்டும் மத்திய அரசின் மாணவர் கடனும் வாங்குகிறாள். மூன்றாம் ஆண்டின் ஃபால் (இலையுதிர்காலச்) செமஸ்டரை ஸ்பெயினில், வெளி நிறுவனம் ஒன்று நடத்தும் திட்டத்தில் படிக்க ஆசைப்படுகிறாள். "வெளிநாடு போனால் உதவியெல்லாம் நின்றுவிடும்" என்கிறார் என் கணவர். அந்த நிறுவனமோ இந்த வாரமே முன்பணம் கேட்கிறது. கட்டலாமா?
— ஒரு வாசகி, எடிசன்

பதில்: இந்த வாரம் கட்ட வேண்டாம். உங்கள் கணவர் பயப்படுவதில் பாதி தேவையற்றது, மீதிப் பாதி நியாயமானது.

கல்லூரி நிதியுதவி அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் 17 வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். மகள் எந்த நாட்டு வகுப்பில் உட்காருகிறாள் என்று மத்திய அரசு பார்ப்பதில்லை. அங்கே எடுக்கும் பாடங்களை அவள் கல்லூரி தன் பட்டத்துக்குக் கணக்கில் எடுக்குமா என்றுதான் பார்க்கிறது. எடுக்கும் என்றால் பெல்லும் கடனும் கூடவே போகும். யாராவது முழுப் பட்டத்தையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே படிக்கப் போயிருப்பார்கள், அந்தக் கதை உங்கள் கணவர் காதில் விழுந்திருக்கும். அங்கே பெல் கிடையாது. அமெரிக்கக் கல்வித் துறை ஏற்ற பல்கலைக்கழகமாக இருந்தால் கடன் மட்டும் உண்டு. உங்கள் மகள் விஷயம் வேறு.

நியாயமான பாதி எது என்றால், கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் கிராண்ட். வெளி நிறுவனத்தின் திட்டத்தில் போனால் அதைத் தராத கல்லூரிகள் நிறைய. இதைத் தனியாகக் கேளுங்கள்.

விமானச் சீட்டு, காப்பீடு போன்ற நியாயமான செலவுகளைச் சேர்த்து, கல்லூரி போட்டு வைத்திருக்கும் மகளின் படிப்புச் செலவுக் கணக்கை உயர்த்தச் சொல்லிக் கேட்கலாம். அதில்தான் பலர் ஏமாந்துபோவார்கள். கணக்கு உயர்ந்ததும் பெல்லும் உயரும் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வருவார்கள். உயராது. 2025–26இல் வருஷம் முழுவதற்கும் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். பெற்றோரை நம்பியிருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவருக்கு மத்தியக் கடன் 7,500 வரைதான். கணக்கை உயர்த்துவதால் வேறு உதவித்தொகையோ பெற்றோர் பெயரில் கடனோ வாங்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இப்போது மகள் வாங்க வேண்டிய காகிதம். கன்சார்ட்டியம் அக்ரிமென்ட் என்று பொதுவாகச் சொல்வார்கள். சில கல்லூரிகளில் பெயர் மாறும். எந்தப் பாடங்கள், எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் எண்), உதவியை எந்தப் பக்கம் கொடுப்பது என்றெல்லாம் எழுதி, கல்லூரியும் திட்டத்தை நடத்துபவர்களும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கிரெடிட்டை உட்கார்ந்து எண்ணுங்கள். ஐரோப்பாவின் 30 கிரெடிட் இங்கே பெரும்பாலும் 15 ஆகிவிடும். இங்கத்திய கணக்கில் 12க்குக் கீழே போனால் பெல் குறையும்.

பணம் வரும் நேரம்தான் எல்லாவற்றையும்விடத் தலைவலி. என் மகள் இதேபோல் ஒரு ஃபால் செமஸ்டருக்கு வெளிநாடு போனாள். அறை முன்பணமும் முதல் மாத வாடகையும் ஆகஸ்டிலேயே தேவைப்பட்டன. வகுப்பு தொடங்க 10 நாளுக்கு முன்னால் மத்திய உதவியைக் கொடுக்க முடியாது, அது விதி. அதுவாவது வந்ததா? அவள் கல்லூரிக் கணினியில் பாடங்களைப் பதியவில்லை, பூஜ்யம் கிரெடிட் என்று காட்டியது, பணம் அக்டோபருக்குப் போய்விட்டது. கடைசியில் வந்தது காகிதக் காசோலை, அவள் பெயரில், என் வீட்டுத் தபால் பெட்டிக்கு! அவளோ கடலுக்கு அந்தப் பக்கம். என் நாத்தனாரிடம் 3,000 டாலர் கைமாற்று வாங்கித்தான் சமாளித்தேன். அந்த வேலையிலேயே இருந்தவள் வீட்டுக் கதை இது. ஆகவே மகள் கிளம்புமுன் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் வர ஏற்பாடு செய்யட்டும், பாடங்கள் பதிவாகிவிட்டதைத் திரையில் பார்த்துவிட்டுப் போகட்டும். இரண்டு மாதச் செலவுக்கு நீங்கள் ஏதாவது ஒதுக்கி வையுங்கள்.

பெல் வாங்குகிறவள் என்பதால் கில்மன் உதவித்தொகைக்கும் போடலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை தருவது, 5,000 டாலர் வரை. கடன் இல்லை, திருப்பித் தர வேண்டியதில்லை. பொதுவாக மார்ச்சிலும் அக்டோபரிலும் விண்ணப்பம் முடியும். அமெரிக்கக் குடிமகளாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் பெல் கிடைக்கும், கில்மன் கிடைக்காது. பெல் வாங்குவதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு நம்மவர்கள் இதற்கு விண்ணப்பிக்காமலே விட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வெட்கத்தின் விலை 5,000 டாலர்.

சரி, முன்பணம். நிதியுதவிக் கடிதத்தைக் காட்டினால் மீதிக் கட்டணத்தை உதவி வரும்வரை தள்ளிவைக்கும் நிறுவனங்கள் உண்டு. முன்பணத்துக்கும் அது பொருந்துமா, கல்லூரி சம்மதிக்காவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை மகளை நிதியுதவி அலுவலகத்துக்கு நேரிலேயே போகச் சொல்லுங்கள். போனில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், நாங்களும் சொல்லியிருக்கிறோம்.